டிராகன் வயிற்றில் சம்பந்தி

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய அக்காவுக்கு,

உன் ஒரே தம்பி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும், உன் தம்பி பெண்டாட்டியும், பையனும், மருமகளும் நலமாக இருக்கிறோம். அங்கே நீயும், அத்தானும், உன் முழங்காலும் அதேபோல் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். முழங்காலைத் தனியாகக் கேட்பதற்குக் காரணம், போன தடவை கேட்க மறந்ததற்கு நீ எத்தனை வாரம் போனை எடுக்கவில்லை என்பது எனக்கு நன்றாக நினைவிருப்பதுதான்.

அடுத்த மாதம் நீ இங்கே வரப்போவதாக அத்தான் சொன்னார். ரொம்பச் சந்தோஷம். ஆனால் உன்னை எனக்குத் தெரியும். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கூடத்து அலமாரியைப் பார்ப்பாய். பையன் கல்யாணத்துக்கு நீ பரிசாகக் கொடுத்த மரப்பெட்டி, அதுதான், பித்தளை மூலை வைத்து, இரண்டு பூட்டுப் போட்டு, "ரெண்டு பூட்டு இருந்தாத்தான் என் தம்பிக்குத் தூக்கம் வரும்" என்று ஊரே கேட்கச் சொல்லிக் கொடுத்தாயே, அது எங்கே என்று கேட்பாய். அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பெட்டி உடைந்துவிட்டது. தானாக உடையவில்லை, நான்தான் உடைத்தேன். சுயநினைவோடு, வீட்டார் எல்லோர் கண் முன்னாலும் உடைத்தேன். போனை எடுக்காதே அக்கா. கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு முதலில் இதை முழுவதும் படி. படித்த பிறகும் கோபம் வந்தால் திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

கதை கல்யாண மண்டபத்தில் ஆரம்பிக்கிறது. நீயும் அங்கே இருந்தாய். ஆனால் உனக்கு அன்றைக்குப் புதுச் செருப்பு தொலைந்துபோனதில் மற்றதெல்லாம் மறந்திருக்கும், அதனால் நினைவுபடுத்துகிறேன். வங்கியில் லாக்கர் அறையைக் காத்தே தலை நரைத்தவன் நான். நகையும் பரிசும் இருந்த அறையைத் திறந்து போட்டுவிட்டு வருகிறவர்களைக் கும்பிட்டுக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. பூட்டிச் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டேன். கல்யாணப் பெண் உள்ளே குளியலறையில் முகம் கழுவிக்கொண்டிருந்தது எனக்கு எப்படித் தெரியும்? அவள் கதவைத் தட்டினாள். அது அவள் அப்பா காதில் விழுந்தது. அவர்தான் சம்பந்தி. வாழ்நாளெல்லாம் தீயணைப்புப் படையில் இருந்தவர். கதவு என்றால் எனக்குப் பூட்டுவதற்கு, அவருக்கு உடைப்பதற்கு. நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு சாவியைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி ஓடுகிறேன், "சாவி என் கையிலதானே இருக்கு, சம்பந்தி! ரெண்டு நிமிஷம் பொறுக்கக் கூடாதா?" என்று தொண்டை கிழியக் கத்துகிறேன், அந்த மனிதர் தோளைக் கொடுத்து ஒரே இடி. கதவு கீலோடு போய் உள்ளே விழுந்தது. கல்யாணப் பெண் கையில் துண்டோடு நிற்கிறாள். அவர் திரும்பி என்னைப் பார்த்து, மூச்சுக்கூட வாங்காமல், "உள்ள ஆள் இருந்தா ரெண்டு நிமிஷம்ங்கறது ரொம்ப நேரம், சம்பந்தி" என்றார். மண்டபக்காரன் கதவுக்குப் பணம் கேட்டது என்னிடம். கல்யாண ஆல்பத்தில் எந்தப் படத்தைப் பார்த்தாலும் பின்னால் அந்தக் கதவில்லாத ஓட்டை தெரியும்.

அன்றோடு பேச்சு வார்த்தை நின்றது. அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. எனக்கென்ன வந்தது என்றிருந்தேன். வந்தது எனக்கு இல்லை, மருமகளுக்கு. அப்பாவைப் பார்க்க வேண்டுமென்றால் அவள்தான் பஸ் ஏறிப் போவாள். இங்கே வரச் சொன்னால் அவர் ஏதாவது வேலை இருக்கிறது என்பார். வேலையும் கிடையாது, ஒன்றும் கிடையாது, ரிட்டையர் ஆன மனிதர். ஒரு நாள் உன் தம்பி பெண்டாட்டி என்னிடம், "அந்தப் பொண்ணு தன் வீட்டுக்குத் தன் அப்பாவைக் கூப்பிட முடியாம தவிக்கிறா. நீங்க என்னடான்னா ஒரு கதவைக் கட்டிக்கிட்டு அழறீங்க" என்றாள். நான் செய்தித்தாளை விரித்து முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டேன்.

மருமகள் கணக்கு டீச்சர் என்பது உனக்குத் தெரியும். கத்த மாட்டாள், அழ மாட்டாள், கணக்குப் போடுவாள். ஒரு நாள் எங்கள் இருவரிடமும் தனித்தனியாக, "ஞாயித்துக்கிழமை ஒரு விளையாட்டு விளையாடறோம், ஆள் குறையுது. இந்தக் கதை முடியற வரைக்குமாவது ஒரே மேசையில உக்காருங்க. அதுக்கு மேல நான் எதுவும் கேக்க மாட்டேன்" என்றாள். அவர் ஒப்புக்கொண்டார் என்று கேள்விப்பட்டு நான் ஒப்புக்கொண்டேன். நான் ஒப்புக்கொண்டேன் என்று கேள்விப்பட்டுத்தான் அவர் ஒப்புக்கொண்டாராம். யாருக்கு முதலில் யார் சொன்னது என்பதை இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை.

விளையாட்டு என்றதும் சீட்டுக்கட்டு, கேரம்போர்டு என்று நினைக்காதே. மேசையைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, வாயாலேயே கதைக்குள் போக வேண்டும். மருமகள் கதையை நடத்துவாள். "நீங்க ஒரு காட்டுல நிக்கறீங்க, எதிர்ல ஒரு பாழடைஞ்ச கோட்டை, என்ன செய்யறீங்க?" என்பாள். நாம் உள்ளே போகிறோம் என்றோ வீட்டுக்குத் திரும்புகிறோம் என்றோ சொல்ல வேண்டும். (நான் முதல் நாள் வீட்டுக்குத் திரும்புகிறேன் என்று சொன்னேன். அனுமதிக்கவில்லை.) சொன்ன காரியம் பலிக்குமா என்பதை இருபது முகமுள்ள ஒரு பகடை முடிவு செய்யும். பெரிய எண் விழுந்தால் பலித்தது. ஒன்று விழுந்தால் மானம் போயிற்று. ஒவ்வொருவருக்கும் ஒரு வேஷம் உண்டு. நம் பையன் வாள்வீரன். பல் டாக்டர் தொழிலை அங்கேயும் விடவில்லை, எந்த மிருகத்தைப் பார்த்தாலும் முதலில் வாயைத் திறக்கச் சொல்கிறான். உன் தம்பி பெண்டாட்டி மந்திரவாதி, அதில் எனக்கு ஆச்சரியமில்லை. மிச்சம் இருந்தது இரண்டு வேஷம். பகடை உருட்டினோம். முழு சர்வீஸிலும் அடுத்தவன் லாக்கரை நிமிர்ந்துகூடப் பார்க்காத எனக்குத் திருடன். முறுக்கிவிட்ட மீசையும் இடிக்கிற குரலுமாக இருக்கும் சம்பந்திக்கு, பாட்டுப் பாடி எதிரியை மயக்கும் இளம் பாட்டுக்காரி. அவர் முகம் மாறவே இல்லை. கட்டளை வந்தால் நிறைவேற்றிப் பழகியவர். அவருக்குத் தெரிந்த ஒரே பாட்டு தீயணைப்பு விதிமுறைகள், அதையே ராகம் போட்டுப் பாடினார். எதிரே வந்த குட்டிப் பேய்கள் மயங்கவில்லை, ஆனால் வரிசையாகக் கலைந்து வெளியேறிவிட்டன.

இனிதான் உன் பெட்டி வருகிறது. கோட்டைக்குள் புதையல் கிடைத்தது. புதையல் என்றால் வெறும் பொன்னும் வெள்ளியும் இல்லை, மந்திரச் சாமான்கள். எவ்வளவு போட்டாலும் நிறையாத பை, போட்டுக்கொண்டால் ஆளே தெரியாமல் போகும் மேலங்கி, காயம் ஆற்றும் தைலம், தானாக முடிச்சுப் போட்டுக்கொள்ளும் கயிறு, ஒரு மந்திரக்கோல், அப்புறம் ஒரு மழைக் குடம். ஒவ்வொன்றுக்கும் மருமகள் கெட்டி அட்டையில் அழகாகப் படம் வரைந்து வைத்திருந்தாள். அட்டை யார் கையில் இருக்கிறதோ, சாமான் அவர் கையில் இருப்பதாக அர்த்தம். இதில் மழைக் குடம்தான் விலை மதிக்க முடியாதது. கவிழ்த்தால் மேகமே இறங்கிவிடும், ஆனால் மூன்று முறைதான் கவிழ்க்கலாம். இப்பேர்ப்பட்ட சாமான் முதல் நாள் யார் கையில் போய்ச் சேர வேண்டும்? பாட்டுக்காரி கையில்! கதையில் ராத்திரி, காட்டில் கூடாரம் போட்டுப் படுக்கிறோம், குளிருக்குக் கொஞ்சம் விறகு எரிகிறது. சம்பந்தி நாற்காலியில் நெளிந்தார். "ஆள் தூங்கற இடத்துல நெருப்பு எரியக் கூடாது" என்று குடத்தைக் கவிழ்த்தார். விறகு அணைந்தது. கூடாரமும் நான்கு வாரச் சாப்பாடும் எங்கள் கழுதையும் வெள்ளத்தோடு போயின. அடுத்த வாரம் ஒரு சத்திரத்தில் தங்கினோம். சமையலறையில் அடுப்பு எரிகிறது, பக்கத்தில் ஆள் இல்லை என்று மருமகள் வாய் தவறிச் சொல்லிவிட்டாள். சொல்லி முடிப்பதற்குள் குடம் கவிழ்ந்தது. சத்திரக்காரன் கரண்டியோடு துரத்தினான்.

பாக்கி ஒரே ஒரு மழை. எனக்குப் பொறுக்கவில்லை, எழுந்து நின்றேன். அவரிடம் நேராகப் பேச்சில்லை என்பதால் பையனிடம், "உன் மாமனாரைக் கேளு, அடுப்பு எரியறது அவசரமா?" என்றேன். அவர் மகளிடம், "உன் மாமனாரைக் கேளும்மா, ஆபத்துக்கு உதவாத சாமான் எதுக்கு? எல்லாத்தையும் வாசல் பக்கம் ஆணியில மாட்டி வைக்கணும், மணி அடிச்சா எடுத்துக்கிட்டு ஓடணும்" என்றார். ஆணியில்! மந்திரச் சாமானை! நான் அலமாரியிலிருந்து உன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து மேசைமேல் வைத்தேன். எல்லா அட்டையும் இதற்குள் இருக்கும், ஒரு சாவி என்னிடம், ஒரு சாவி அவரிடம், இரண்டும் சேர்ந்து திருப்பினால்தான் திறக்கும், லாக்கர் அறை முறை இதுதான் என்றேன். அவர் யோசித்தார். எனக்கு மட்டும் சாவி கொடுப்பதைவிட அது மேல் என்று தோன்றியிருக்க வேண்டும், தலையாட்டினார். மருமகள் கணக்கு டீச்சர் ஆயிற்றே, உடனே விதி போட்டுவிட்டாள். "சரி மாமா. உங்க சாவி உங்க திருடன்கிட்ட இருக்கு, அப்பா சாவி பாட்டுக்காரிகிட்ட இருக்கு. அவங்க எங்கே போறாங்களோ, சாவியும் அங்கே. அப்புறம் மாத்தக் கூடாது." இந்த விதிதான் பின்னால் கழுத்தை நெரித்தது. அன்றைக்கு நான் அவளை வாயாரப் பாராட்டினேன்.

அதன் பிறகு எங்கள் குழுவைப் போலப் பத்திரமான குழு எந்தக் காட்டிலும் கிடையாது. ஒரு சாமான்கூடத் தொலையவில்லை. ஒரு சாமான்கூடப் பயன்படவும் இல்லை. வாள்வீரன் உடம்பெல்லாம் ரத்தமாக வந்து தைலம் கேட்டான். இதைவிடப் பெரிய காயம் பின்னால் படாது என்பதற்கு என்ன உத்தரவாதம் என்று கேட்டேன். கையெழுத்துப் போடச் சொன்னேன், போட்டான். முதல் தடவை போட்டதோடு ஒத்துப்போகவில்லை, திருப்பி அனுப்பினேன். ஆளை மறைக்கும் மேலங்கியைக் கொடுக்கவே முடியாது என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டேன். அதைப் போட்டுக்கொண்டு போனவன் திரும்பி வந்தானா இல்லையா என்று எதை வைத்துச் சரிபார்ப்பது? நிறையாத பையைப் பெட்டிக்குள் வைப்பதா, பெட்டியைப் பைக்குள் வைப்பதா என்பதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாதி போயிற்று. உன் தம்பி பெண்டாட்டி மந்திரக்கோலைக் கேட்டபோது, காரணம் என்னவென்று மரியாதையாகத்தான் கேட்டேன். "வீட்டுலதான் பீரோ சாவியைக் கண்ணுல காட்ட மாட்டீங்க, காட்டுலயுமா?" என்று பகடையை என் மேல் எறிந்தாள். அதிலும் பதினெட்டு விழுந்தது. சம்பந்தி தன் பங்குக்கு, எல்லோரையும் எழுப்பி நிற்க வைத்துப் பயிற்சி கொடுப்பார். சீட்டி அடித்தால் அவரவர் ஆயுதத்தோடு கோட்டைக்கு வெளியே வந்து எண்ணிக்கை சொல்ல வேண்டும். ஆயுதம் எல்லாம் பெட்டிக்குள் இருந்ததால் வெறுங்கையோடு எண்ணிக்கை சொன்னோம்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும் அக்கா. ஆட்டம் முடிந்ததும் மற்றவர்கள் டீ குடிக்கப் போய்விடுவார்கள். அட்டைகளைப் பெட்டியில் அடுக்கிப் பூட்ட இரண்டு சாவியும் வேண்டும், அதனால் நாங்கள் இருவரும் மட்டும் மேசையில் இருப்போம். பேச்சு கிடையாது. நான் விலை உயர்ந்ததை அடியில் வைப்பேன். அவர் அவசரத்துக்கு வேண்டியதை மேலே எடுத்து வைப்பார். நான் மறுபடி அடியில் வைப்பேன். ஒரு நாள் அவர் தைலத்தை மேலே வைத்தார், நான் அப்படியே விட்டுவிட்டேன். ஏன் விட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. அதற்கடுத்த வாரம் ஆட்டத்தின் நடுவில் அவருடைய பாட்டுக்காரி என்னுடைய திருடனைப் பார்த்து, "திருடரே, முதுகு வலி எப்படி இருக்கு?" என்று கேட்டாள். என் திருடனுக்கு முதுகு வலி கிடையாது, அவன் கூரை விட்டுக் கூரை தாவுகிறவன். முதுகு வலி எனக்குத்தான். என் திருடன், "இப்போ பரவாயில்லை, பாட்டுக்காரி. தைலம் தேச்சுக்கறேன்" என்றான். "எங்க படையில ஒரு தைலம் கொடுப்பாங்க. அடுத்த தடவை கொண்டு வரேன்" என்றாள் பாட்டுக்காரி. கொண்டும் வந்தாள், பச்சை மூடி போட்ட புட்டி, நல்ல குணம் தெரிகிறது. இப்படியாக, கதைக்குள் திருடனும் பாட்டுக்காரியும் மகன், மருமகள், மழை, வெயில் எல்லாவற்றையும் பற்றிப் பேசினார்கள். கதைக்கு வெளியே நானும் அவரும் பேசவில்லை. எங்கள் கௌரவம் எங்களுக்கு.

போன ஞாயிற்றுக்கிழமை டிராகன் வந்தது. டிராகன் என்றால் இறக்கை முளைத்த மலைப்பாம்பு என்று வைத்துக்கொள், வாயைத் திறந்தால் நெருப்பு. அதைக் கொன்றால் புதையல் எங்களுக்கு, நாங்கள் செத்தால் கதை அதோடு முடிந்தது என்று மருமகள் சொன்னாள். சொல்லும்போது அவள் குரல் ஒரு மாதிரியாக இருந்தது. கதை முடிந்தால் என்ன ஆகும் என்று எனக்கும் உறைத்தது. "கதை முடியற வரைக்குமாவது" என்றுதானே கேட்டிருந்தாள். செத்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வர வேண்டிய அவசியம் இல்லை. அவர் வராத ஞாயிற்றுக்கிழமையை நினைத்துப் பார்த்தேன் அக்கா. அட்டைகளை அடுக்க மேசையில் நான் ஒருவன் மட்டும்.

நம் பையன் வழக்கம்போல முன்யோசனை இல்லாமல் குகைக்குள் நுழைந்து, டிராகனிடம் "ஆ காட்டு" என்றான். டிராகன் காட்டியது. கூடவே வாலால் ஒரு பாறையைத் தள்ளி அவன் காலை நசுக்கியது. வாள்வீரன் உள்ளே மாட்டிக்கொண்டான். நான் குகை வாசலில் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், என்ன செய்யலாம் என்று முறைப்படி ஆலோசனை நடத்தலாமா என்று யோசிக்கிறேன். சம்பந்தி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். "உள்ள ஆள் இருக்குன்னா நான் போறேன்" என்றார். பாட்டுக்காரியின் கையில் ஒரு ஆயுதமும் இல்லை, எல்லாம் என் பெட்டிக்குள்! பகடையை உருட்டினார். பத்தொன்பது. பாறையைப் புரட்டி, என் பையனைத் தூக்கி வெளியே எறிந்தார். மறுபடி உருட்டினார், தான் வெளியே வருவதற்கு. மூன்று. மருமகள் கண்ணை மூடித் திறந்து, "அப்பா, உங்களை முழுங்கிடுச்சு" என்றாள். விழுங்கப்பட்டவர் பேசக் கூடாது என்பது விதி. அந்த மனிதர் அப்படியே உட்கார்ந்து, உதட்டை இறுக மூடிக்கொண்டார். விதி என்றால் அவருக்கு வேதம்.

"வயித்துக்குள்ள நெருப்பு எரியுது மாமா. அடுத்த சுத்துல பாட்டுக்காரி சாம்பல்" என்றாள் மருமகள். நெருப்பு என்றால் மழைக் குடம். குடம் பெட்டியில். பெட்டிக்கு இரண்டு சாவி. ஒன்று என்னிடம், மற்றது டிராகன் வயிற்றில்! "அப்பா, நீங்கதான் திருடனாச்சே, பூட்டை நெம்புங்க!" என்று பையன் கத்துகிறான். வாழ்நாளில் முதல் தடவையாக அடுத்தவர் பூட்டில் கை வைக்கச் சம்மதித்தேன். பகடையை உருட்டினேன். ஒன்று விழுந்தது, கம்பி உள்ளேயே ஒடிந்ததாம். உன் தம்பி பெண்டாட்டி, "இவரோட பூட்டை இவராலயே திறக்க முடியலையே" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். மருமகள் என்னையே பார்க்கிறாள். "மாமா, என்ன செய்யறீங்க?" என்று கேட்டாள், கதை நடத்துகிறவள் மாதிரி இல்லை, மகள் மாதிரி கேட்டாள். பெட்டியைப் பார்த்தேன். என் பையனைத் தூக்கி எறிந்துவிட்டு அந்த மனிதர் இருட்டுக்குள் வெந்துகொண்டிருக்கிறார், நான் பூட்டு முறையைப் பேசிக்கொண்டிருக்கிறேன்.

"உடைக்கிறேன்!" என்றேன்.

"எப்படி உடைக்கறீங்க?" என்றாள். அதாவது, பகடையை உருட்டு என்று அர்த்தம். அதெல்லாம் எனக்கு அப்போது புரியவில்லை. அலமாரிமேல் என் கை போயிற்று. ரிட்டையர் ஆன அன்று வங்கியில் கொடுத்தார்களே, லாக்கர் வடிவத்தில் வார்த்த இரும்பு நினைவுப் பரிசு, அது கையில் கிடைத்தது. தூக்கினேன், ஒரே போடு. பித்தளை மூலை ஜன்னல் வரைக்கும் பறந்தது. இன்னொரு போடு. மூடி இரண்டாகப் பிளந்தது. அட்டைகளைக் கிளறி மழைக் குடத்தை எடுத்து மேசைமேல் கவிழ்த்து, "ஊத்திட்டேன்! டிராகன் வாயில ஊத்திட்டேன்!" என்று அலறினேன்.

அப்போதுதான் பார்த்தேன். சம்பந்தி கை நீட்டியபடி உட்கார்ந்திருந்தார். விழுங்கப்பட்ட நிமிஷத்திலிருந்து நீட்டிக்கொண்டுதான் இருந்தாராம். உள்ளங்கையில் பெட்டிச் சாவி. பேசக் கூடாது என்ற விதியால் வாயைத் திறக்காமல், கண்ணை மட்டும் உருட்டி உருட்டிக் காட்டியிருக்கிறார். நான் கவனிக்கவே இல்லை. உடைந்த பெட்டியை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார். வாழ்நாளில் முதல் தடவையாக விதியை மீறி வாயைத் திறந்தார்.

"சாவி என் கையிலதானே இருக்கு, சம்பந்தி! ரெண்டு நிமிஷம் பொறுக்கக் கூடாதா?"

எனக்கு மூச்சு வாங்கியது. யோசித்துச் சொல்லவில்லை அக்கா, அதுவாக வந்தது. "உள்ள ஆள் இருந்தா ரெண்டு நிமிஷம்ங்கறது ரொம்ப நேரம், சம்பந்தி" என்றேன்.

அப்புறம் அவர் மீசை துடித்தது. துடித்து, துடித்து, அந்த மனிதர் சிரித்த சிரிப்பில் மேசையில் பகடை உருண்டது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே கதவு, சாவி, மண்டபக்காரன் என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தோம், ஒருவர் பேசியது ஒருவருக்கு விளங்கவில்லை. மருமகள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டே, "டிராகனுக்கு விக்கல் வந்துடுச்சு. வாயில புகை வருது. அப்பாவை வெளியே துப்பிடுச்சு" என்று தீர்ப்பு சொன்னாள். பகடை உருட்டாமலே சொன்னாள். கணக்கு டீச்சர் விதியை விட்டுக்கொடுத்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். சம்பந்தி இரண்டு டம்ளர் டீ குடித்தார். டிராகன் வயிற்றுக்குள் ரொம்பச் சூடு என்று சொல்லி மூன்றாவதும் கேட்டார். வாசல் வரைக்கும் போய் வழியனுப்பினேன். ஒரு வருஷத்துப் பேச்சையும் வாசலிலேயே பேசினோம், கால் வலித்து உள்ளே வந்து உட்கார்ந்து பேசினோம்.

இதுதான் அக்கா நடந்தது. உன் பெட்டி உடைந்தது, ஆனால் நல்ல விதமாக உடைந்தது. எனக்கும் புத்தி வந்துவிட்டது. பூட்டி வைத்த சாமான் ஆபத்துக்கு உதவாது என்று சம்பந்தி சொன்னது சரிதான். இனிமேல் இந்த வீட்டில், கதைக்குள்ளும் சரி வெளியேயும் சரி, எதையும் பூட்டுவதில்லை என்று எல்லோர் முன்னிலையிலும் அறிவித்துவிட்டேன். பீரோ சாவியை உன் தம்பி பெண்டாட்டி கையிலேயே கொடுத்துவிட்டேன். அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அதனால் நீ வரும்போது புதுப் பெட்டி எதுவும் வாங்கி வர வேண்டாம். நீ வந்தால் போதும்.

அத்தானுக்கு என் வணக்கம். உன்னை இருந்த இடத்திலிருந்தே விழுந்து கும்பிடுகிறேன். திட்டுவதற்கு மிச்சம் வைத்ததை நேரில் வந்து திட்டிக்கொள்.

என்றும் உன் அன்புக்கு ஏங்கும்,
தம்பி

பி.கு.: இதைத் தபாலில் சேர்ப்பதற்குள் இன்னொரு ஞாயிற்றுக்கிழமை வந்து போய்விட்டது. மேலே எழுதியதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. நெருப்பு அணைந்த டிராகனைச் சுலபமாகக் கொன்றுவிட்டோம், அதன் புதையல் எங்களுக்குக் கிடைத்தது, பறக்கும் கம்பளம் உட்பட. பூட்டு இல்லை என்று தெரிந்ததும் இவர்கள் அடித்த கூத்தைச் சொல்லி மாளாது. நம் பையன் கம்பளத்தை எடுத்துக்கொண்டு பக்கத்துக் கிராமத்துக்கு ஷூ வாங்கப் போகிறான். உன் தம்பி பெண்டாட்டி மந்திரக்கோலை வைத்துத் துணி காயப் போடுகிறாள். பார்த்துக்கொண்டே இருந்த சம்பந்தி எழுந்து, "சம்பந்தி, இந்தப் பிள்ளைங்ககிட்ட எதையும் திறந்து போட்டு வைக்க முடியாது" என்றார். நான் அதைத்தானே ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்! அன்று சாயங்காலமே அவர் உன் பெட்டியை ஆணியும் பசையும் வைத்து ஒட்டிவிட்டார், உற்றுப் பார்த்தால்தான் தெரியும். இரண்டு பூட்டு போதாது என்று ஒரு மனதாக முடிவு செய்து மூன்றாவதாக ஒன்று சேர்த்திருக்கிறோம். பீரோ சாவியையும் திரும்ப வாங்கி அதற்குள் போட்டாயிற்று. மூன்றாவது சாவியை வீட்டில் யாரிடமும் நம்பிக் கொடுக்க முடியாது என்பதால், இந்த உறைக்குள் வைத்து உனக்கு அனுப்பியிருக்கிறேன். சாவி இருந்தால் வேஷமும் வேண்டும் என்பது மருமகளின் விதி, உனக்காகப் பகடை உருட்டினோம், கிழட்டுச் சூனியக்காரி விழுந்தது. சத்தியமாக நான் தேர்ந்தெடுக்கவில்லை. ஆனால் அவளுக்கு முழங்கால் வலி கிடையாது, எங்கே போனாலும் பறந்துதான் போவாள். நீ வரும்வரை பெட்டியைத் திறக்க முடியாது, சீக்கிரம் வா. வழியில் சாவியைத் தொலைத்துவிட்டாலும் பதறாதே அக்கா. உடைப்பதற்கு நாங்கள் இரண்டு பேர் இருக்கிறோம்.